கறுப்புக் கதவில் என் ஐந்து விரல்

போன மாதம் பெங்களூர் அடுகோடியில் என் தங்கை மகன் செல்வம் நடத்தும் கார் பெயிண்டிங் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரு பழைய கறுப்பு வண்டி கடைசிக் கோட்டுப் பெயிண்டுக்குத் தயாராக நின்றது. கறுப்பு வண்டியைக் கண்டால் என் கால் தானாக நடக்கும். இரண்டடி கிட்டே போவதற்குள் பெயிண்டர் பிரகாஷ் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"பெரிம்மா, கைய காட்டுங்க."

"எதுக்குப்பா?"

"கடைசி கோட்டுக்கு முன்னாடி யாரு வண்டிகிட்ட வந்தாலும் கைய காட்டணும். எங்க ரூலு."

"யாரு போட்ட ரூலு?"

"தெரியாது பெரிம்மா. சிவாஜிநகர்ல எனக்கு தொழில் சொல்லிக்குடுத்த உஸ்தாத் அப்படித்தான் பழக்கினாரு. அவருக்கு அவரோட உஸ்தாத் சொன்னாராம்."

எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்திலிருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. செல்வம் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அந்த ரூல் யாரால் வந்தது என்று சொல்ல இந்த ஊரில் மிச்சமிருப்பவள் நான் ஒருத்திதான். அது என்னால் வந்தது. என் கையாலும், என் தேங்காய் எண்ணெயாலும், என் திமிராலும் வந்தது! பிரகாஷிடம் பாதி சொல்வதற்குள் அவருக்கு வேலை வந்துவிட்டது. மீதியை எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அல்சூரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவளின் எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கன்னியம்மாள். சுதந்திரம் வந்தபோது எனக்குப் பதினோரு வயது. பதினாலு வயதில் அம்மாவோடு தரை தேய்க்கப் போனேன். அன்றைக்கு பெங்களூரில் கட்டிய வசதியான வீடுகளில் எல்லாம் சிவப்புத் தரைதான். கொத்தனார் சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து பூசிவிட்டுப் போவார். பிறகு நாங்கள் பெண்கள் நாலைந்து பேர் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து, வழவழப்பான கல்லால் தேய்ப்போம். கூடம், படுக்கையறை, சமையலறை என்று நாள் கணக்கில் தேய்ப்போம். கடைசியில் மெழுகு போட்டுத் துணியால் துடைத்தால் தரையில் முகம் தெரியும். முகம் தெரிந்த அன்று வேலை முடிந்தது, அடுத்த வீடு தேட வேண்டும்.

சிமெண்ட் தண்ணீர் கையைத் தின்றுவிடும். விரல் இடுக்கெல்லாம் வெடிக்கும். அதனால் நாங்கள் எல்லோரும் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதே உள்ளங்கைக்கும் ஒரு கை தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் கிளம்புவோம். பல் தேய்ப்பது மாதிரி பழகிப்போன காரியம் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டு வயதில் என் முட்டி இரண்டும் வீங்க ஆரம்பித்தன. காலையில் பாயிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். அம்மாவின் முட்டி எப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயதில் அவள் நேராக நின்று நான் பார்த்ததில்லை. ராத்திரி படுத்தால் எனக்கு அந்த யோசனையாகவே இருக்கும்.

அப்போதுதான் ஒரு கார் ஒர்க்‌ஷாப் முதலாளி கட்டிய புதுவீட்டில் தரை வேலை கிடைத்தது. கடைசி நாள் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். உள்ளே வரவில்லை. தலையை ஒருபக்கம் சாய்த்துத் தரையையே பார்த்தார். எதிர்ச்சுவரில் இருந்த ஜன்னலின் கம்பிகள் தரையில் தெரிந்தன. அதைத்தான் பார்க்கிறார் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

"இந்தப் பக்கம் யாரு தேச்சது?"

"நான்தாங்க."

"அந்தப் பக்கம்?"

"அது வேற ஆளுங்க."

"தெரியுது. அங்க கம்பி பாம்பு மாதிரி வளையுது. இங்க நேரா இருக்கு. திங்கக்கெழம ஒர்க்‌ஷாப்புக்கு வா, வேல இருக்கு."

"என்னா வேலங்க?"

"தேய்க்கற வேலதான். ஆனா நின்னுகிட்டு."

நின்றுகொண்டு! வேறு எதையும் நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் சிவாஜிநகர் பக்கத்திலிருந்த அந்த ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

அவர்தான் ஃபோர்மேன் சவரி சார். கோலார் தங்கவயலில் பிறந்தவர். உலகச் சண்டைக் காலத்தில் மிலிடரி லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். பெயிண்ட் அடிக்கும் இடத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு போவார். யாரையும் அதட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். நாம் ஒரு பலகத்தை, கதவோ மட்கார்டோ ஒன்றை, முடித்துவிட்டுக் கூப்பிட்டால் கையைப் பின்னால் கட்டியபடி வருவார். மேற்குச் சுவரில் ஒரு பெரிய ஜன்னல், ஒன்பது கம்பி. அந்தக் கம்பிகள் வண்டியின் தகட்டில் எப்படித் தெரிகின்றன என்று பார்த்தபடி மெதுவாக நடப்பார். கம்பி எங்கேயாவது நெளிந்தால் "ஜன்னலப் பாரு" என்பார். நெளியவில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பலகத்துக்குப் போய்விடுவார். அப்படிப் போய்விடுவதுதான் பாராட்டு. அதற்காக நான் செத்துச் செத்து உழைத்திருக்கிறேன்.

பெயிண்ட் அடிப்பவர் காதர் பாய். சிவாஜிநகர்க்காரர். ஸ்ப்ரே கன்னை அவர் பிடித்தால் கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பது மாதிரி அத்தனை மெல்லிசாக விழும். முதல் நாள் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"சார், இது என்னா நியாயம்? தர தேய்க்கற பொம்பளய கூட்டினு வந்து வண்டி தேய்க்க சொல்றீங்க. நாளைக்கு தோசக்கல்லு தேய்க்கறவங்களயும் கூப்டுவீங்களா?"

"தோசக்கல்லு இந்த அளவுக்கு தேச்சிருந்தா கூப்டுவேன்" என்றார் சவரி சார்.

மூன்று வருஷம் கற்றுக்கொண்டேன். அதை வளர்ப்பானேன். ஆனால் தண்ணீர் போட்டுத் தேய்ப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

தகட்டை அடித்து நேராக்கியதும் பட்டி போடுவார்கள், அதன்மேல் பிரைமர். பிரைமர் காய்ந்ததும் காதர் பாய் வேறு நிறத்தில் லேசாகப் புள்ளி தூவுவார். நான் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பேன். மேட்டில் இருக்கும் புள்ளி முதலில் போகும். பள்ளத்தில் இருக்கும் புள்ளி அப்படியே நிற்கும். எல்லாப் புள்ளியும் ஒரே சமயத்தில் மறைந்தால் தகடு சமம். அதற்குப் பிறகு நிறம், கோட்டுக்குமேல் கோட்டு. கடைசிக் கோட்டும் காய்ந்து இறுகிய பின் மிக நைசான பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, அதன் பளபளப்பை நானே கொல்ல வேண்டும். பளபளவென்று வந்ததை மங்கலாக்குவதைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்கு வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. ஆனால் அந்த மங்கலுக்கு அடியில்தான் நிஜமான பளபளப்பு இருக்கிறது. மங்கலைக் காம்பவுண்ட் பசை போட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தால், ஆழமான கிணற்றை எட்டிப் பார்ப்பது மாதிரி கறுப்பு திறக்கும்!

இரண்டு பக்கெட் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் பேப்பரை அலச, ஒன்றில் சுத்தத் தண்ணீர். ஒரே ஒரு மணல் துகள் பேப்பருக்கும் பெயிண்டுக்கும் நடுவில் சிக்கினால் போதும், தகட்டின் நீளத்துக்குக் கீறிவிடும். அதனால் காதும் வேலை செய்ய வேண்டும். நல்ல தேய்ப்பு 'ஸ்ஸ்' என்று போகும். 'கர்' என்றால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். வட்டமாகத் தேய்க்கவே கூடாது, முன்னும் பின்னுமாக நேராகத்தான். ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசு, அங்கே அழுத்தினால் அடியிலிருக்கும் பிரைமர் பல்லைக் காட்டிவிடும்.

வெள்ளை வண்டி சாது. எதையும் பொறுத்துக்கொள்ளும். கறுப்பு வண்டி சம்பந்தியம்மா மாதிரி. நீங்கள் மறந்துவிட்ட குறையைக்கூட நாலு பேர் முன்னால் எடுத்துக் காட்டும்.

என் பலம் என் உள்ளங்கை. கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தை என் கை சொல்லிவிடும். கையை விரித்துத் தகட்டின்மேல் ஓட்டினால் எங்கே மயிரிழை தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். தரை தேய்த்த கைக்கு அது சும்மா வந்த வரம். காதர் பாயே ஆறு மாதத்தில் அடங்கிப்போய், "கன்னிம்மா, இங்க கொஞ்சம் கை வெச்சுப் பாரு" என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்குத் தலை கனத்துவிட்டது. ஆனால் மூன்று வருஷமாகியும் ஒர்க்‌ஷாப் ரெஜிஸ்டரில், நிரந்தர ஆட்கள் வரிசையில், என் பெயர் ஏறவில்லை. ஒரு வண்டி முடிந்தால் அடுத்த வண்டி வரும் வரை வீட்டில் இரு என்பார்கள். அந்த நாட்களில் திரும்பவும் தரைக்குத்தான் போனேன். முட்டி என்னைக் கெஞ்சியது.

அறுபதுகள் தொடங்கிய சமயம், டாக்டரம்மாவின் வண்டி வந்தது. வண்டி என்று சொல்வதே தப்பு, மூன்று தள்ளுவண்டியில் துண்டு துண்டாக வந்தது. டாக்டரம்மா மைசூர்ப் பக்கத்துக்காரர், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அது அவருடைய அப்பா சண்டைக்கு முன்னால் வாங்கிய வண்டி. அதில்தான் அவர் ஓட்டக் கற்றுக்கொண்டாராம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஊரைச் சுற்றி ஓட்டப்போவதாக ஏற்பாடு. அதில் இந்த வண்டியை அவரே ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. ஐந்து மாதம் எடுத்துச் செய்தோம். முழுக்க முழுக்கக் கறுப்பு.

"இந்த வண்டி நல்லா வந்தா உன் பேர ரெஜிஸ்டர்ல ஏத்த முதலாளிகிட்ட சொல்லிட்டேன்" என்றார் சவரி சார். அன்று பஸ்ஸில் போகாமல் சிவாஜிநகரிலிருந்து அல்சூர் வரை நடந்தே போனேன். சந்தோஷத்தில் முட்டி வலிகூடத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கடைசிக் கோட்டு. சவரி சார் தன் கையாலேயே பெட்ரோலில் நனைத்த துணியால் வண்டி முழுவதையும் துடைத்தார். "இனிமே யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வண்டியைச் சுற்றித் தரையில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார், தூசி எழக்கூடாது என்று. காதர் பாய் மூலையில் மல் துணியில் பெயிண்டை வடிகட்டிக்கொண்டிருந்தார்.

நான் இடது பக்கப் பின்கதவைப் பார்த்தேன். வண்டியின் பெரிய பலகங்களில் அது ஒன்று. கைப்பிடிக்குக் கீழே ஓர் இடத்தில் எனக்கு முந்தின நாளிலிருந்தே சந்தேகம். சவரி சார் திரும்பியிருந்தார். மனசு வேண்டாம் என்றது, கை கேட்கவில்லை. உள்ளங்கையை விரித்து, கைப்பிடியிலிருந்து கீழ்நோக்கி ஒரே ஓட்டு ஓட்டினேன். பள்ளம் இல்லை. சமமாக, அழகாக இருந்தது. நான் தேய்த்ததாயிற்றே என்று பெருமையாகத் தள்ளி நின்றுகொண்டேன்.

காதர் பாய் அடித்தார். பானெட், மட்கார்டு, முன்கதவு எல்லாம் கண்ணாடி மாதிரி வந்தது. கடைசியாகப் பின்கதவில் அடித்துவிட்டு ஓர் அடி பின்னால் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எண்ணெய்ச் சட்டியில் தெளித்த தண்ணீர் ஒட்டாமல் விலகுமே, அப்படிப் பெயிண்ட் விலகிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்கச் சின்னச் சின்னக் குழிகள் கதவின் நடுவே கொத்துக் கொத்தாகத் திறந்தன.

சவரி சார் கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். பெயிண்டில் எண்ணெய் கலந்தால்தான் இப்படிக் குழி விழும், எண்ணெய் வருவது கம்ப்ரசர் காற்றில். அவர் கம்ப்ரசரின் அடிக்குழாயைத் திறந்து, வந்த தண்ணீரை ஒரு காகிதத்தில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். காகிதத்தில் லேசான எண்ணெய் வளையம் இருந்தது.

"காதர், இதுக்கு என்ன சொல்றே?"

"காலைல வந்ததும் தண்ணி எறக்கினேன் சார். அல்லா சத்தியமா எறக்கினேன். இவ்ளோ எண்ண எப்பவும்தான் இருக்கும்."

"ஞாயித்துக்கெழம வண்டி ரோட்ல இருக்கணும். நாளைலருந்து வேற ஆளு வெச்சுக்கறேன்."

சத்தமே போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. காதர் பாய் மூலையில் போய் உட்கார்ந்து கன்னைக் கழற்றினார். ஊசி, மூடி, கிண்ணம் என்று ஒவ்வொன்றையும் தின்னரில் கழுவித் துணியில் வரிசையாக வைத்தார். பதினைந்து வருஷமாக அவர் கையில் இருந்த கன் அது.

நான் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். கிட்டத்தில் பார்த்தால் சும்மா சிதறிய குழிகள். காலையில் தள்ளி நின்ற அதே இடத்தில் நின்று பார்த்தேன். ஐந்து கோடு! கைப்பிடியிலிருந்து கீழே சரிந்து இறங்கும் ஐந்து கோடு, கட்டைவிரல் கோடு மட்டும் தள்ளி. என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். அன்று காலையும் தலைக்கு வைத்த கையோடு தேய்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். மூன்று வருஷமாகப் பட்டியிலும் பிரைமரிலும் கை வைத்தபோதெல்லாம் அதற்குமேல் சோப்பும் தண்ணீரும் பட்டு எண்ணெய் போய்விடும். துடைத்து முடித்த தகட்டில் அன்றுதான் முதல் தடவை கை வைத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே வாயைத் திறக்கவில்லை. ரெஜிஸ்டர் போய்விடும், தரைதான் கதி என்று முட்டி சொன்னது. யாருக்கும் தெரியாது, காகிதத்தில் எண்ணெய் இருக்கிறது, நீ ஏன் பேச வேண்டும் என்று புத்தி சொன்னது. காதர் பாய் கடைசித் துண்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடும் வரை நான் நின்றேன். அந்த நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் கோபம் வரும். பெட்டியின் கொக்கி 'டக்' என்று விழுந்தது.

"சார்! இங்க வாங்க!"

சவரி சார் வந்தார். நான் கையை விரித்து, கதவைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளி, கைப்பிடியிலிருந்து கீழே ஓட்டிக் காட்டினேன். ஒவ்வொரு விரலும் அதனதன் கோட்டின்மேல் போயிற்று.

"கம்ப்ரசர் இல்ல சார். நான்தான். காலைல தொட்டேன். கைல தேங்கா எண்ண."

காதர் பாய் பெட்டியோடு எழுந்து வந்தார். கதவைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"அரே பாப்ரே! இவ்ளோ நேரம் நின்னு வேடிக்க பாத்தியா நீ? என் பொழப்பு போவுது, நீ பாத்துனே நிக்கற!"

"ஆமா பாய். தப்பு."

"நல்லா இருக்குது போ. தகட்டுக்கே தலைக்கு எண்ண வெச்சு உட்டுருக்கா!"

அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும் சிரிப்புமாக அவர் முகம் படாத பாடு பட்டது. சவரி சார் சிரிக்கவில்லை. காதர் பாயின் கையிலிருந்த பெட்டியை வாங்கினார். தரையில் வைத்துத் திறந்தார். அந்த வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, கன்னின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டினார். முழுதாகப் பூட்டி எழுந்து அதைக் காதர் பாய் கையில் வைத்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. காதர் பாய்க்கும் அது தேவைப்படவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கதவு உன்னுது. சனிக்கெழம சாயங்காலம் ஜன்னல் இதுல நேரா தெரியணும். தெரிஞ்சா ரெஜிஸ்டர். இல்லன்னா தரை."

அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக எண்ணெய்ப் புட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். கையைச் சோடா உப்பு போட்டுக் கழுவினேன். தலை முடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து சீயக்காய் போட்டுத் தலையையும் அலசினேன். மறுநாள் சாவு வீட்டுக்காரி மாதிரி எண்ணெய் காணாத பரட்டைத் தலையோடு தெருவில் நடந்தேன். "அய்யோ கன்னிம்மா, யாருக்கு என்னாச்சு?" என்று வழியெல்லாம் விசாரித்தார்கள். ஒரு அம்மாள் அழவே ஆரம்பித்துவிட்டாள். கதவுக்குத்தான் ஆகிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

புதன்கிழமை முழுவதும் குழிகள் காணாமல் போகும் வரை கதவைத் தேய்த்து இறக்கினேன். எண்ணெய் இல்லாத கையில் வெடிப்பு திறந்து சோப்புத் தண்ணீர் நெருப்பாக எரிந்தது. வியாழக்கிழமை காலையிலிருந்து மழை. காற்றில் ஈரம் இருந்தால் அந்தப் பெயிண்ட் காயும்போது பால் தெளித்தது மாதிரி வெளுத்துவிடும். கறுப்பில் அதைவிடக் கேவலம் கிடையாது. இரண்டு இரும்புச் சட்டியில் கரி கனல வைத்து, அறையின் வாசலைச் சாத்திச் சூடாக்கினோம். சூடு ஏறியதும் சட்டிகளைத் தூரக் கொண்டுபோய் அணைத்த பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறந்தோம். நெருப்பு இருக்கும்போது திறந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

சவரி சார் பெட்ரோல் துணியால் துடைத்து முடித்தார். காதர் பாய் கன்னைத் தூக்கினார், சட்டென்று இறக்கினார்.

"கன்னிம்மா, கைய காட்டு!"

காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு குறும்பு ஏறிப்போய்ச் சவரி சார் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்களும்."

எப்போதும் பின்னால் கட்டியே நடக்கும் கையைச் சவரி சார் மெதுவாக முன்னால் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். அன்று தொடங்கியதுதான் அந்த ரூல், பிரகாஷ்! அப்புறம் முதலாளியே வந்தாலும் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கையைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

முதல் கோட்டு நன்றாக விழுந்தது. இரண்டாவதில் மூலையில் வெளுப்பு தட்டியது. காதர் பாய் பதறவில்லை. கன்னில் வெறும் தின்னரை ஊற்றி, மூச்சு விடுவது போல அதன்மேல் ஒரு தூறல் விட்டார். வெளுப்பு கரைந்து கறுப்பு திரும்பி வந்தது. நான் கத்தியே விட்டேன். "கூவாத, தூசி எழும்பும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காயவிட்டோம். ஒரு வாரம் இறுக வேண்டிய பெயிண்ட், ஒரு நாள்தான் கொடுக்க முடிந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பேப்பரை எடுத்தேன். ஓர் இழுப்பு, ஒரு துடைப்பு, ஒரு பார்வை. கதவின் நடுவே ஒரு மடிப்புக் கோடு ஓடும், அதன் முதுகில் பெயிண்ட் வெங்காயத் தோல் கனம்தான். அங்கே கட்டையை விட்டுவிட்டு இரண்டு விரலால் மட்டும் தேய்த்தேன். ஒரு தடவை 'கர்' என்றது. கையை எடுத்துவிட்டேன். தண்ணீர் விட்டுப் பார்த்தேன், கீறல் இல்லை. மதியத்துக்குள் கதவு முழுக்கச் சாம்பல் மாதிரி மங்கியது. பிறகு காம்பவுண்ட். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. மூன்று மணிக்கு மேல் துணிக்கு அடியிலிருந்து கறுப்பு மெல்ல மெல்லத் திறந்தது. சோறு சாப்பிட மறந்துபோனேன்.

நாலரைக்கு மழை விட்டு மேற்கு ஜன்னலில் வெயில் வந்தது. டாக்டரம்மா வெளியே வராந்தாவில் குடையோடு காத்திருந்தார். "ஆயித்தா? ரெடியா?" என்று இரண்டு முறை எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டார். சவரி சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மட்கார்டு, முன்கதவு எல்லாம் தாண்டினார். பின்கதவில் நின்றுவிட்டார். நன்றாக இருந்தால் அவர் நிற்க மாட்டாரே! நடக்க வேண்டியவர் நிற்கிறார். ஒரு பக்கம் தலையைச் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார்.

"காதர், ஆபீஸ்ல ரெஜிஸ்டர் இருக்கு. எடுத்துனு வா" என்றார். பிறகு நகர்ந்து தன் இடத்தை எனக்கு விட்டார். "நீயும் பாரு. நேரா இருக்கான்னு நீயே சொல்லு."

பளபளப்பு வந்த தகட்டுக்கு எதிரே, அவர் நிற்கும் அந்த இடத்தில் நான் அதுவரை நின்றதில்லை. வேலை செய்யும்போது தகட்டுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் என் முகம் இருக்கும். போய் நின்று பார்த்தேன். கதவுக்குள் ஒரு பொம்பளை நின்றிருந்தாள். பரட்டைத் தலை, ஈரப் புடவை, நேரான முதுகு. தலையிலிருந்து முட்டி வரை தெரிந்தாள். எங்கள் வீட்டில் இருந்தது கையகலக் கண்ணாடி. எட்டு வருஷம் நான் தேய்த்த தரைகளில் எல்லாம் என் முகம் தெரிந்திருக்கிறது, ஆனால் எப்போதும் குனிந்த முகம். நான் நிற்பதை நான் பார்த்ததே இல்லை.

"என்ன, கம்பி நேரா இருக்கா?" என்றார் சவரி சார்.

எனக்குத் தெரியவில்லை. கம்பியை நான் இன்னும் பார்க்கவே இல்லை.